மூன்றாம் பெஞ்சில் என் இடம்

1

ஜெர்மனிக்கு வந்து மூன்று வருடம் ஆகிவிட்டது. வந்த புதிதில் ஊர் அலுவலகத்தில் முகவரியைப் பதியப் போனபோது, மதம் என்ற கட்டத்தில் பேனா நின்றுவிட்டது. கிறிஸ்தவம் என்றால் எந்தச் சபை என்று கேட்கிறார்கள். சபையைச் சொன்னால் சம்பளத்தில் ஒரு பங்கு அங்கே போய்விடும். நான் அவசரக்குடுக்கை. யோசிக்காமல், "திருப்பூர் சபை" என்றேன். மேசைக்கு அந்தப்பக்கம் இருந்த பெண் கணினியில் தேடிப் பார்த்துவிட்டு, அப்படி ஒன்று இல்லை என்றார். "இருக்கிறது. ஆனால் ஒரே பெஞ்சில் இரண்டாக இருக்கிறது" என்று விளக்க அப்போது எனக்கு மொழி போதாது. இப்போது போதும். ஆனால் இப்போது யாரும் கேட்பதில்லை.

குழந்தைகளின் உடைகளை இறக்குமதி செய்யும் கம்பெனியில் தரப் பரிசோதனை வேலை. ஹாம்பர்க்குக்கு வெளியே, ரயில் பாதையை ஒட்டிய பெரிய கிடங்கு. கடைகளுக்குப் போகும் முன் ஒவ்வொரு பெட்டியும் சிறு சுரங்கம் மாதிரியான ஓர் இயந்திரத்துக்குள் நுழைந்து வெளியே வரவேண்டும். உள்ளே உலோகம் இருந்தால் பெல்ட் நின்று, சிவப்பு விளக்கு எரிந்து, கீச்சென்று ஒரு சத்தம் வரும். இத்தனை நாளும் அது கத்தியதெல்லாம் காலையில் சோதனைக்காக நாங்களே வைக்கிற இரும்புக் குண்டுக்குத்தான். போன மாதம் நிஜமாகவே கத்தியது.

பெட்டியைப் பிரித்தோம். ஒவ்வொரு உருப்படியாகக் கையில் பிடிக்கும் கருவியால் தடவினோம். கைக்குழந்தைக்கு மேலும் கீழும் ஒன்றாகத் தைத்த ஒரு ரோம்பரின் கழுத்துத் தையலுக்குள், உடைந்த அரிசி அளவுக்கு ஓர் ஊசிமுனை. எந்த நாட்டுச் சரக்கு என்று சொல்லமாட்டேன். திருப்பூர் இல்லை, பயப்படாதீர்கள்.

உடன் வேலை செய்யும் ஆங்கே என்கிற பெண் அதைக் காந்தத்தில் ஒட்டி வெளிச்சத்தில் பிடித்து, "நல்லவேளை, கிடைத்துவிட்டது" என்றாள். அவ்வளவுதான், காப்பி குடிக்கப் போய்விட்டாள். எங்கள் குடும்பத்தில் இப்படி ஒரு துண்டு உண்டு. அது கிடைக்கவே இல்லை.

2

திருப்பூரில் இருக்கிற உங்களுக்கு இது பாடம் நடத்தத் தேவையில்லாத சங்கதி. ஏற்றுமதித் துணியில் ஊசி உடைந்தால் மிஷினை நிறுத்தவேண்டும். உடைந்த எல்லாத் துண்டையும் பொறுக்கிச் சேர்த்து, ஒட்டுத்தாளில் ஊசி வடிவத்துக்கே அடுக்கிக் காட்டினால்தான் புது ஊசி. ஒரு நுனி குறைந்தாலும் அந்தத் துணிக்கட்டு நகரக்கூடாது.

என் பெரியம்மா மார்த்தாள் மண்ணரைப் பகுதியில் ஒரு ஹால் பிடித்து எட்டு மிஷின் போட்டு, கம்பெனிகளுக்குக் கூலிக்குத் தைக்கும் ஜாப் ஒர்க் எடுத்து நடத்திக்கொண்டிருந்தார். அம்மா சாராள் அவருடைய கூடப்பிறந்த தங்கை. ஓர் ஏற்றுமதிக் கம்பெனியில் செக்கிங் பொறுப்பு. அக்காவுக்கு அந்தக் கம்பெனி ஆர்டரை வாங்கிக் கொடுத்ததே அம்மாதான். இளமஞ்சள் நிறத்தில் வாத்துப் படம் போட்ட குழந்தை ரோம்பர். நான் அப்போது கல்லூரியில் இரண்டாம் வருடம்.

ஒருநாள் பெரியம்மா யூனிட்டில் தைக்கிற பெண் ஒருத்தி வேலைக்கு ஆள் ஏற்றும் வேனில் அம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பேச்சுவாக்கில் சொன்னாள்: "நேத்து ஊசி ஒடஞ்சு நுனியே கெடைக்கலீங்க. அக்கா கொஞ்ச நேரம் தேடிப் பாத்துட்டு, சரி தையுங்க புள்ளைகளான்னுட்டாங்க."

அம்மா வேனை விட்டு இறங்கி நேராக மேனேஜர் அறைக்குப் போனார்.

மதியத்துக்குள் கம்பெனி ஆட்கள் மண்ணரைக்குப் போய், தைக்கிற பெண்கள் எல்லோருக்கும் முன்னால் பெரியம்மாவை நிற்க வைத்துப் பேசினார்கள். என்ன பேசினார்கள் என்பதைப் பெரியம்மா இன்றுவரை சொன்னதில்லை. தைத்து வைத்த லாட் சரக்கு முழுவதையும் அவர் தலையிலேயே கட்டிவிட்டு, இனி ஆர்டர் இல்லை என்று போய்விட்டார்கள். அத்தனையையும் வெட்டிப் பனியன் வேஸ்ட்டுக்குப் போட்டுவிட்டதாகப் பெரியம்மா சொன்னார். அடுத்த மாதமே ஹாலுக்குப் பூட்டு விழுந்தது. தன் மிஷினில் பிறரைத் தைக்க வைத்தவர், அடுத்தவர் மிஷினில் தைக்கப் போனார்.

"பச்சக் கொழந்த போடற துணி. அக்கா என்ன, அப்பனே ஆனாலும் நான் உட மாட்டேன்" என்பது அம்மா கட்சி.

"எங்கிட்ட ஒரு வார்த்த. ஒரே ஒரு வார்த்த மொதல்ல எங்கிட்டச் சொல்லீருக்கலாமில்ல?" என்பது பெரியம்மா கட்சி.

இரண்டு பேருமே சரி. அதுதான் பயங்கரம். ஒருவர் தப்பாக இருந்தால் என்றைக்கோ தீர்ந்திருக்கும்.

3

எங்கள் சபையில், அப்பமும் ரசமும் வாங்குகிற திருவிருந்துக்கு முன்னால் சமாதானம் கொடுக்கிற ஒரு பழக்கம் உண்டு. சில சபைகளில் சும்மா திரும்பிக் கும்பிட்டுக்கொள்வார்கள். எங்களுடையது கைமாற்றிக் கொடுப்பது. போதகர் பீடத்திலிருந்து இரண்டு மூப்பர்களுக்குக் கொடுப்பார். அவர்கள் நடந்து வந்து ஒவ்வொரு பெஞ்சின் ஓரத்தில் இருப்பவருக்குக் கொடுப்பார்கள். அவர் தன் பக்கத்தில் இருப்பவருக்கு. கூப்பிய கையை அடுத்தவருடைய இரண்டு உள்ளங்கைக்குள் வைத்து எடுக்கவேண்டும். இப்படியே கடைசி ஆள் வரைக்கும் போகவேண்டும். நடுவில் யாரும் நிறுத்தக்கூடாது.

பெண்கள் பக்கம் மூன்றாவது பெஞ்ச் எங்களுடையது. ஓரத்தில் அம்மா, உள்ளே பெரியம்மா. வேறு பெஞ்சுக்கு மாறினால் சண்டை என்று ஊருக்கே தெரிந்துவிடும் என்பதால் இருவரும் இடம் மாறவில்லை. பதிலாக என்னை நடுவில் உட்கார வைத்தார்கள். அம்மா கையிலிருந்து வாங்கி, பெரியம்மா கையில் வைப்பேன். அம்மா கை எப்போதும் சூடாக இருக்கும். பெரியம்மா கை ஜில்லென்று இருக்கும். அதற்குப் பிறகு, எல்லோரும் திருவிருந்துக்கு எழுந்து முன்னால் போகும்போது பெரியம்மா மட்டும் போகமாட்டார். பகையோடு இருக்கிறவர் அதில் கை வைக்கக்கூடாது என்று எங்கள் சபையில் சின்னப் பிள்ளைகளுக்கும் தெரியும். அம்மா போய் வாங்கிக்கொண்டு வருவார். தன் மனசாட்சி சுத்தம் என்பார்.

"ஜெனி, நீ கலியாணமாயிப் போனீன்னா அந்தப் பெஞ்சுல கரண்டு கட்டாயிரும் பாத்துக்க" என்று பின் பெஞ்ச் எஸ்தர் அத்தை கிண்டல் செய்வார். நானும் சிரிப்பேன். எனக்கு அதில் கொஞ்சம் பெருமைகூட.

கல்யாணம் ஆகவில்லை. விமானம் ஏறினேன்.

எங்கள் சபை ஆராதனையை இப்போது யூடியூபில் போடுகிறார்கள். பால்கனியில் பொருத்திய ஒரே கேமரா. ஞாயிறு நான் எழுந்து பார்க்கும்போது அங்கே எல்லாம் முடிந்து வீட்டில் கறி வெந்துகொண்டிருக்கும். அதனால் நான் பார்ப்பதெல்லாம் ஏற்கெனவே நடந்து முடிந்தது. ஒன்றும் செய்ய முடியாது. மேலிருந்து பார்த்தால் சமாதானம் நகர்வது அழகாகத் தெரியும். காற்று போகிற பயிர் மாதிரி ஒவ்வொரு வரிசையாகத் தலைகள் திரும்பும். மூன்றாவது பெஞ்சில் அம்மாவிடம் வந்ததும் நின்றுவிடும். அங்கே ஓர் ஆள் உட்காரும் அளவுக்கு வெற்றுப் பலகை. யாரும் அதில் உட்காருவதில்லை. புதிதாக வருகிறவர்களைக்கூட யாரோ கையைப் பிடித்து வேறு பெஞ்சுக்கு அழைத்துப் போகிறார்கள்.

4

ஊசிமுனை கிடைத்த அதே வாரம் அப்பா போனில் சொன்னார்: பெரியம்மாவுக்குக் கர்ப்பப்பையில் கட்டி. கோயம்புத்தூரில் ஆபரேஷனுக்கு நாள் குறித்திருக்கிறார்கள். எடுத்துப் பார்த்தால்தான் எப்படிப்பட்ட கட்டி என்று தெரியுமாம். "உங்கொம்மாகிட்டச் சொன்னேன். சரின்னா. அரிசி களஞ்சுட்டே இருந்தா. களஞ்ச அரிசியவே மறுக்காவும் களஞ்சா" என்றார்.

எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. பெரியம்மா திருவிருந்து எடுக்காமலே ஆபரேஷன் மேசைக்குப் போகப் போகிறார். திரும்பி வராவிட்டால்? அந்த வெற்றுப் பலகை அப்புறம் எப்போதும் அப்படியே இருக்கும். அம்மா அதன் பக்கத்திலேயே மிச்ச காலம் உட்கார்ந்திருப்பார்.

இன்னொரு பயமும் இருந்தது. இங்கே நான் போகிற தமிழ் ஜெபக்கூட்டம், டிரம்ஸ் வைக்கலாமா கூடாதா என்ற பேச்சில் இரண்டாக உடைந்து, ஒரே தெருவில் எதிரெதிர் ஹாலில் நடக்கிறது. இரண்டு பக்கத்துப் பிள்ளைகளும் ஒரே பள்ளிக்கூடம். திங்கள் முதல் வெள்ளி வரை ஜெர்மனில் கட்டிப்பிடித்துக்கொண்டு பேசுகிறார்கள். ஞாயிற்றுக்கிழமை தெருவில் எதிரே பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்கள். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. பெற்றோரைப் பார்த்துக் கற்றுக்கொண்டது. தமிழ்கூட அவர்களுக்கு ஒட்டவில்லை, இது ஒட்டிக்கொண்டது. பெரியம்மா மகன் டேனியல் என் செய்திகளுக்கு இப்போதெல்லாம் கட்டைவிரல் படம் மட்டும்தான் அனுப்புகிறான் என்பது அன்றைக்குத்தான் உறைத்தது.

ஆகவே களத்தில் இறங்கினேன். சகோதரன் குற்றம் செய்தால் முதலில் தனியாகப் போய்ப் பேசு, கேட்காவிட்டால் ஓரிருவரைக் கூட்டிக்கொண்டு போ, அதற்கும் கேட்காவிட்டால் சபைக்குச் சொல் என்கிற வரிசை எனக்கு மனப்பாடம். ஞாயிறு பள்ளியில் பரிசு வாங்கிய பதில். இருந்தும் என்ன செய்தேன்? போதகர் வீட்டம்மாவுக்கு வாட்ஸ்அப்பில் ஒரு ஜெபக்குறிப்பு அனுப்பினேன். எங்கள் ஆட்களுக்கு அது கை தானாகச் செய்கிற காரியம். பேச முடியாததை எல்லாம் ஜெபக்குறிப்பாக்கிவிடுவோம்.

அடுத்த ஞாயிறு பதிவை ஓடவிட்டு ரொட்டியில் வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தேன். விண்ணப்பங்களை வாசிக்கிற நேரம். மூப்பர் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு, பரீட்சை எழுதுகிற பிள்ளைகளுக்காக, வேலை இல்லாதவர்களுக்காக என்று வாசித்து வந்தவர், அதே குரலில், "சகோதரி மார்த்தாள், சகோதரி சாராள், இவர்கள் நடுவே இருக்கிற கசப்பு நீங்கி ஒப்புரவு உண்டாக, ஜெர்மனியிலிருந்து ஜெனிபர்" என்றார்.

சபை முழுவதும் "ஆமென்" என்றது.

அம்மா அசையவில்லை. பெரியம்மா எழுந்தார். முட்டிகளை உரசிக்கொண்டு, அந்த வெற்றிடத்தைத் தாண்டி, அம்மாவையும் தாண்டி, நடுவழியில் நடந்து கேமராவுக்குக் கீழே மறைந்தார். கதவு சாத்துகிற சத்தம் மைக்கில் கேட்டது.

5

அன்று மதியமே பெரியம்மா போன் செய்தார். எத்தனையோ மாதத்துக்குப் பிறகு.

"நல்லாருக்கியா கண்ணு?"

"பெரியம்மா, நான் வந்து..."

"நீயும் உங்கொம்மாளாட்டவே தான். நேரா ஆபீசுக்குப் போயி நிக்கறது."

எனக்கு அழுகை வந்துவிட்டது. மேலே எதுவும் திட்டியிருந்தால் தேவலை.

"அழுவாத. அழுது என்னாகுது? உங்கொம்மாள வரச்சொல்லு. ஒருத்தியா வரோணும். போதகரய்யாவையும் அய்யா ஊட்டம்மாவையும் தொணைக்குக் கூட்டியாந்து என்ற ஊட்டுல பாட்டுப் படிக்க வேண்டாம். பைபிளும் வேண்டாம். சும்மா வரோணும்."

அம்மாவிடம் சொன்னேன். அம்மா பிடி கொடுக்கவில்லை.

"நான் எதுக்குப் போறது? நான் செஞ்சதுல என்ன தப்பு? நீயும் அதே வேலதான பாக்கற? நீ சொல்லு."

"தப்பே இல்லீங்மா. அந்த லாட்டை நானும்தான் நிறுத்தியிருப்பேன். ஆனா மேனேஜர்கிட்டப் போறதுக்கு முன்னாடி மண்ணரைக்குப் போயிருக்கலாமில்லைங்களா? நடந்தா பத்து நிமிஷம்."

அந்தப்பக்கம் டிவியை அணைத்தார்.

"போயிருந்தா அவ அழுதிருப்பா" என்றார் அம்மா. "அவ அழுதா நான் பாஸ் பண்ணி உட்டிருப்பேன். அதுக்குத்தான் போகல."

இத்தனை வருடத்தில் இதை அம்மா யாரிடமும் சொன்னதில்லை. என்னிடமும்.

"இதையப் போய் அவங்ககிட்டச் சொல்லுங்கம்மா. இது மட்டும் போதும்."

6

அம்மா போனார். ஒரு வேலைநாள் மதியம், கம்பெனியில் அரைநாள் சொல்லிவிட்டு, தனியாக, டவுன் பஸ்ஸில். அப்பா வண்டியில் விடுகிறேன் என்றதற்கும் வேண்டாம் என்றாராம். நான் கிடங்கில் இருந்தேன். பெட்டிகள் சுரங்கத்துக்குள் போய்ப் போய் வந்தன. ஒவ்வொன்றும் வெளியே வருகிற வரைக்கும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

அன்றிரவு அம்மாவை அழைத்தால், "பேசீட்டோம். எல்லாஞ் சரியாப் போச்சு" என்றார். குரல் சரியாகப் போனவர் குரலாக இல்லை. மறுநாளும் அப்படியே. அடுத்த நாளும். அக்கா தங்கை சேர்ந்துவிட்டார்கள் என்று அப்பா எல்லோருக்கும் சொல்லிக்கொண்டிருந்தார். எஸ்தர் அத்தை எனக்குக் கைதட்டும் படங்களாக அனுப்பித் தள்ளினார். "உன்ற ஜெபக்குறிப்பு வேல செஞ்சிருச்சு சாமி!"

ஒரு வாரம் கழித்து அம்மா தானாகவே கூப்பிட்டார். பின்னால் குக்கர், டிவி, எந்தச் சத்தமும் இல்லை. மொட்டை மாடிக்குப் போயிருக்கிறார்.

"ஜெனி. அந்த லாட்ட அக்கா வேஸ்ட்டுக்குப் போடல."

புரிவதற்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

பெரியம்மா சொன்னதாக அம்மா சொன்னது இது. சரக்கு திரும்பி வந்த அன்று, பெண்களை அனுப்பிவிட்டு, பெரியம்மா தனியாக உட்கார்ந்து அந்தக் கட்டிலிருந்த உடைகளை ஒவ்வொன்றாகக் காந்தத்தில் தடவிப் பார்த்திருக்கிறார். தையலைக் கையால் நெருடிப் பார்த்திருக்கிறார். கிடைக்கவில்லை. கட்டுகள் கலந்துபோயிருந்ததால் எல்லாக் கட்டையும் பார்த்திருக்கிறார். கிடைக்கவில்லை. பெண்களுக்குச் சம்பளம் போடவேண்டும். கம்பெனி பெயர் போட்ட லேபிளை மட்டும் வெட்டி எடுத்துவிட்டு, மிச்சச் சரக்கு வாங்குகிற ஒருவரிடம் அத்தனையையும் விற்றுவிட்டார். வாங்கியவர் எங்கே விற்றார் என்று தெரியாது. நடைபாதையில் போட்டிருக்கலாம். சந்தையில் போட்டிருக்கலாம். பக்கத்து அவிநாசிபாளையத்திலும் இருக்கலாம், வேறு மாநிலத்திலும் இருக்கலாம்.

"தரையிலதான் உழுந்திருக்கும்னு நெனச்சேன் சாராளு. கூட்டித் தள்ளியிருப்போம்னு. இன்னும் அப்படித்தான் நெனச்சுக்கறேன்" என்றாராம் பெரியம்மா. பிறகு, "நான் முன்னால போயி திருவிருந்துக்குக் கை நீட்டாததுக்கு நீயா காரணம்? ஊர் அப்படி நெனச்சுச்சு. எனக்கும் அது வசதியா இருந்துச்சு. உம்மேல கோவமா இருக்கற வரைக்கும் அதைய நெனைக்க வேண்டியதில்ல" என்றாராம்.

அங்கே தெருவில் ஒரு கம்பெனி வேன் ஹாரன் அடித்துக்கொண்டு போனது எனக்கு இங்கே கேட்டது.

"நீங்க என்னம்மா சொன்னீங்க?"

"என்ன சொல்றது? நான் சொல்லோணும்னு போனத சொன்னேன். ரெண்டு பேரும் அழுதோம். காப்பி குடிச்சோம்." பிறகு, "இப்ப எனக்கும் தெரியுமில்ல கண்ணு. நான் எந்த ஆபீசுக்குப் போறது?" என்றார்.

இங்கே நான் வேலை செய்கிற கம்பெனியில் இதற்கு ஒரு முறை இருக்கிறது. விற்ற பொருளில் ஆபத்து என்றால் கடைகளில் அறிவிப்பு ஒட்டித் திரும்பப் பெறுவார்கள். வாத்துப் படம் போட்ட, லேபிள் இல்லாத, இளமஞ்சள் ரோம்பர்களை எந்தச் சுவரில் அறிவிப்பு ஒட்டித் திரும்பப் பெறுவது? அதைப் போட்ட குழந்தைகள் இப்போது பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருப்பார்கள். போய்க்கொண்டிருக்கவேண்டும். "போதகரிடம் இரண்டு பேருமாகச் சொல்லுங்கள்" என்று வாய்வரை வந்தது. முந்திக்கொண்டு பேசி நான் செய்த காரியம் நினைவுக்கு வர, வாயை மூடிக்கொண்டேன்.

7

நேற்று ஞாயிறு. பெரியம்மாவுக்கு நாளை மறுநாள் ஆபரேஷன். எழுந்ததும் பல்கூடத் தேய்க்காமல் பதிவைப் போட்டேன்.

மூன்றாவது பெஞ்சில் இருவரும் எப்போதும்போல உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் பலகை அப்படியே தெரிந்தது. விண்ணப்ப நேரத்தில் மூப்பர் பெரியம்மாவின் ஆபரேஷனுக்காக மட்டும் ஜெபித்தார். சமாதானம் புறப்பட்டது. முதல் வரிசை, இரண்டாம் வரிசை. மூப்பர் அம்மா கையில் கொடுத்தார். அம்மா திரும்பினார். என் இடத்தில் ஒரு கையை ஊன்றி, நகர்ந்து, கைகளைக் கூப்பி நீட்டினார். பெரியம்மா தன் இரண்டு கைக்குள்ளும் அதை வாங்கினார். மற்றவர்கள் மாதிரி உடனே விடவில்லை. பின் பெஞ்சில் எஸ்தர் அத்தை முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். எனக்கும் திரை மங்கலாகிவிட்டது. போதும் என்று நிறுத்தியிருக்கலாம். நான் நிறுத்தவில்லை.

திருவிருந்துக்கு அழைத்தார்கள். வரிசை வரிசையாக எழுந்து போனார்கள். பெரியம்மா எழவில்லை. எதிர்பார்த்ததுதான். அம்மாவும் எழவில்லை. சண்டை நடந்த இத்தனை வருடத்திலும் ஒரு தடவைகூடத் தவறாமல் முன்னால் போனவர், சமாதானமான அன்று அக்கா பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டார்.

இரண்டாவது பெஞ்சிலிருந்த ஓர் இளம் தாய், முன்னால் போவதற்காகத் தோளில் கிடந்த குழந்தையை அம்மாவிடம் நீட்டினாள். எங்கள் சபையில் வழக்கமாக நடப்பது. போகிறவர்கள், உட்கார்ந்திருப்பவர்களிடம் பிள்ளையைக் கொடுத்துவிட்டுப் போவார்கள். அம்மா வாங்கி, நடுவில், என் இடத்தில் உட்கார வைத்தார். வெள்ளை நிறத்தில் ஏதோ உடை. அத்தனை உயரத்திலிருந்து அதற்குமேல் தெரியவில்லை.

கோயர் பாடிக்கொண்டிருந்தது. திரையைப் பெரிதாக்கினேன். அம்மாவின் விரல்கள் குழந்தையின் கழுத்துப்பட்டித் தையல்மேல் போயின. கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் பிடித்து, நெருடி, கொஞ்சம் நகர்த்தி, மறுபடி நெருடி. முதலில் கொஞ்சுகிறார் என்று நினைத்தேன். பிறகு பெரியம்மாவும் குனிந்தார். கால் பக்கத்துத் தையலிலிருந்து ஆரம்பித்தார். இருவரும் ஒரு வார்த்தை பேசவில்லை. ஒருவரை ஒருவர் பார்க்கவும் இல்லை. குழந்தை சிரித்துக்கொண்டு கையை ஆட்டியது. மேலிருந்து அம்மாவும் கீழிருந்து பெரியம்மாவும் தடவிக்கொண்டே வந்து இடுப்புத் தையலில் விரல்கள் சந்தித்தன.

அதோடு விடுவார்கள் என்று பார்த்தேன். குழந்தையைத் திருப்பி உட்கார வைத்து, மறுபடியும் கழுத்திலிருந்து ஆரம்பித்தார்கள்.